ருசி பார்க்காத கும்பா

கத்திரி வெயில் பிறந்த அன்று காலையில் பம்படித் தெருவில் ஒரு வீட்டிலும் அடுப்பு பற்றவில்லை. முதலில் அவரவர் வீட்டுக் கோளாறு என்றுதான் நினைத்தார்கள். ஒருத்தி கேஸ் தீர்ந்துபோயிற்று என்றாள், இன்னொருத்தி குச்சி நமத்துப்போயிற்று என்றாள். அந்தத் தெருப் பெண்களில் முக்கால்வாசிப் பேர் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவர்கள் என்பதால், நமத்த குச்சி என்று சொன்னவளை மற்றவர்கள் சேர்ந்து பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் பார்த்தால் எல்லார் வீட்டுக் குச்சிக்கும் அதே கதை. உரசினால் சர்ரென்று சத்தம் வந்தது, மருந்து வாசனை வந்தது, தீ மட்டும் வரவில்லை. அதே குச்சியைத் தெருமுனை அடிபம்பைத் தாண்டிப் போய் உரசினால் நல்ல பிள்ளையாகப் பற்றிக்கொண்டது. பற்றியதைக் கையால் பொத்திக்கொண்டு தெருவுக்குள் வந்தால், பம்பைக் கடக்கும்போது யாரோ வாயால் ஊதியது போல அணைந்துபோயிற்று. ஊருக்கெல்லாம் தீப்பெட்டி செய்கிற தெருவுக்கு இப்படி ஒரு கொடுப்பினை.

இரண்டு நாள் ஆச்சரியப்பட்டார்கள், மூன்றாம் நாள் ஆச்சரியப்பட நேரமில்லை, வயிறு இருக்கிறதே. கரண்ட் அடுப்பை வாங்கி வந்து வைத்தால் அதில் சிவப்பு விளக்கு எரிந்தது, தட்டு குளுகுளுவென்று கிடந்தது. அடுத்த தெருச் சொந்தக்காரர்கள் பாவப்பட்டுச் சோறு வடித்துத் தூக்குச்சட்டியில் கொடுத்துவிட்டார்கள். அதுவும் பம்பைத் தாண்டியதும் ஊசிப்போய் நூல் விட்டது. கடையில் வாங்குகிற தயிர்ப் பாக்கெட்டும் பிஸ்கட்டும் எப்படித் தப்பித்தன என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. பீடி குடிக்கிற ஆண்கள் ஒரு கூட்டமாகப் பம்புக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்கள். டீக்குச் செத்துப்போன ஒருவர், ஒரு காலைத் தெருவுக்குள்ளும் ஒரு காலை வெளியிலும் வைத்துக் குடித்துப் பார்த்தார், பாதி டீ திரிந்துபோயிற்று என்று சத்தியம் பண்ணினார். பிள்ளையாருக்கு விளக்கு ஏற்ற முடியாமல் ஒரு டியூப்லைட்டை மாட்டிவைத்தார்கள். வசதியுள்ளவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டு மகள் வீடு, மருமகன் வீடு என்று கிளம்பினார்கள், கொஞ்சம் பேர் ஓட்டலில் வைத்துக்கொண்டார்கள், போக்கிடம் இல்லாதவர்கள் தெருவிலேயே கிடந்தார்கள். அப்போதுதான் அவர்களுக்கு வேலுத்தாயின் ஞாபகம் வந்தது.

வேலுத்தாய் புருஷன் இல்லாதவள், தீப்பெட்டி ஆபீஸில் பெட்டிக்குள் குச்சி அடைக்கிறவள், ஒரே மகனைப் பெற்றவள். மகன் கருத்தப்பாண்டி போர்வெல் வண்டியோடு வடக்கே போனான். வேலை முடிந்து எல்லாரும் ரயிலில் திரும்பும்போது, பேர் தெரியாத ஏதோ ஒரு ஸ்டேஷனில் தண்ணீர் பிடிக்க இறங்கினான், ரயில் கிளம்பிவிட்டது, அவ்வளவுதான். அடுத்த ரயிலில் வந்துவிடுவான் என்று சொல்லிக் கூடப்போனவர்கள் அவனுடைய பையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவன் செல்போன் அந்தப் பைக்குள்ளேயே இருந்தது. அது நடந்து மூன்றாவது கோடை இது. எழுதிக் கொடுக்க வேண்டிய இடத்திலெல்லாம் எழுதிக் கொடுத்தாயிற்று, குறி கேட்க வேண்டிய இடத்திலெல்லாம் கேட்டாயிற்று, கேட்ட இடத்திலெல்லாம் வருவான் என்றார்கள், எப்போது என்று மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை.

எப்போது வருவான் என்று தெரியாத பிள்ளைக்கு என்னத்தை ஆக்கிவைப்பது? சோறு என்றால் ஆறிப்போகும். ரசம் என்றால் மறுபடி சுடவைக்க வேண்டும். அத்தனை தூரத்திலிருந்து பசியோடு வருகிறவனை அடுப்படியில் காக்கவைக்க வேலுத்தாய்க்கு மனசில்லை. பாண்டியும் சின்ன வயசிலிருந்தே கோடை வந்துவிட்டால் சுடுசோற்றைத் தொடமாட்டான். “இந்த வெயில்ல சுடுசோறு தின்னா வயித்துக்குள்ள அடுப்பு எரியுதும்மா” என்று கும்பாவைத் தள்ளிவிடுவான். அதனால் அவள் ஆறாத சாப்பாடாக, அடுப்பே பார்க்காத சாப்பாடாகச் செய்ய ஆரம்பித்தாள். தினமும் உச்சிப்பொழுதில் அவனுடைய வெண்கலக் கும்பாவில் அவலை நனைத்துத் தயிர் ஊற்றி, சின்ன வெங்காயமும் மாங்காயும் பொடிசாக அரிந்துபோட்டு, தட்டு மூடி, வாசல் பார்த்த மாதிரி வைத்துவிடுவாள். ஆபீஸ் இருக்கிற நாளில் சாப்பாட்டு மணிக்கு ஓடிவந்து வைத்துவிட்டுப் போவாள். சாயங்காலம் வரை யாரும் வராவிட்டால் பக்கத்து வீட்டு ஆட்டுக்கு ஊற்றிவிட்டுக் கும்பாவைத் தேய்த்துக் கவிழ்ப்பாள். அதில் ஒரு வாய் எடுத்து அவள் ருசி பார்த்தது கிடையாது. மகன் வாய்க்குப் போகாமல் தன் நாக்கில் ஒரு பொட்டு படக்கூடாது என்று ஒரு பிடிவாதம். உப்பெல்லாம் கைக்கணக்குதான்.

இத்தனை காலமும் அதைப் பார்த்து உச்சுக்கொட்டிய தெரு, இப்போது கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அவள் வாசலில் வந்து நின்றது. முதலில் வந்தவள் பக்கத்து வீட்டுப் பார்வதிக்கனி, ஆட்டுக்காரி.

“எக்கா, அந்த அவலு எப்படிக்கா போடுவ? எனக்குக் களி மாதிரிக் குழைஞ்சுபோகுது.”

“ஊற வைக்காத தாயி. அலசிப் பிழிஞ்சு வச்சுரு, தயிர் ஊத்தினா அதுவே குடிச்சுக்கிடும். உப்பு மட்டும் அவங்கவங்க நாக்குக்குப் போட்டுக்கோங்க.”

சொல்லச் சொல்ல அவளுக்கே தெரியாமல் எத்தனையோ வந்தன. அவலில் கறுப்பட்டியைச் சீவிப்போட்டுத் தேங்காய் துருவிப் பிசைவது ஒன்று, பாசிப்பயறை ஊறவைத்து வெள்ளரியும் மாங்காயும் சேர்த்து எலுமிச்சை பிழிவது ஒன்று, பச்சரிசியை நனைத்து இடித்துக் கறுப்பட்டி சேர்த்து மாரியம்மன் கொடைக்குப் பிடிக்கிற துள்ளுமாவு ஒன்று, புளியைக் கரைத்து வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் கையாலேயே நசுக்கிப் போடுகிற பச்சைப்புளி ரசம் ஒன்று. பானகத்துக்குச் சுக்கு, மோருக்குக் கறிவேப்பிலை, நுங்கைத் தோண்டித் தேங்காய்ப்பாலில் போடுவது என்று தெரு அந்தக் கோடையைத் தின்றது, குடித்தது, சந்தோஷமாகக்கூட இருந்தது. அடுப்படி வேக்காடு இல்லை, கரிச்சட்டி தேய்க்கிற வேலை இல்லை, பெண்கள் மத்தியானம் தாயம் விளையாடினார்கள். “வேலுத்தாய் மெஸ்ஸுக்கு இன்னைக்கு என்ன?” என்று ஆண்கள் கேலி பேசினார்கள். பாண்டி போன பிறகு அவள் வாசலில் சிரிப்புச் சத்தம் கேட்டது அப்போதுதான். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். சிரித்த மறுநிமிஷம் உள்ளே போய்க் கும்பாவைப் பார்த்துக்கொண்டாள்.

அது எத்தனை நாளைக்கு ஓடும்? வெயில் ஏற ஏற நாக்கு சூட்டைத் தேடியது. வெந்தது வேண்டும் என்று வயிறு அழுதது. கிழடுகளுக்கு வயிற்றுப்போக்கு, பிள்ளைகளுக்கு மாந்தம். அவலைப் பார்த்தாலே குமட்டுகிறது என்று தட்டைத் தள்ளினார்கள். தாளிக்கிற வாசனைக்காகவே அடுத்த தெருவில் போய் நின்று மூக்கை விடைத்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு. எல்லாருக்கும் மேலே பேச்சியின் பாடுதான் பெரும்பாடாக இருந்தது.

பேச்சி, பார்வதிக்கனியின் மகள், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள். தெருவில் தீ பற்றாமல் போன அதே வாரத்தில்தான் பெற்றாள். பிள்ளை பெற்றவள் வாயில் பச்சைத் தண்ணீர் படக்கூடாது என்று பிரசவ மருந்து கிளறி, பூண்டு வதக்கி, கருவாடு சுட்டுக் கொடுக்கிற ஊர் அது. அவளுக்கு அவலும் மோரும் கொடுத்தால் பால் எங்கிருந்து ஊறும்? புருஷன் வீட்டுக்குப் போ என்றால் அங்கே மாமியார் பெண் பிள்ளையென்று தெரிந்த நாளிலிருந்து எட்டிப்பார்க்கவில்லை. தீட்டு கழியாதவளை அடுத்த தெருவிலும் யாரும் வீட்டுக்குள் ஏற்ற மாட்டார்கள். பிள்ளை பால் பற்றாமல் அழுதது. வேலுத்தாய்க்கும் அவர்களுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான். அழுகை அதைத் தாண்டி வந்து அவள் பாயில் படுத்துக்கொண்டது.

தெருச் சங்கத்துத் தலைவர் ஆவுடையப்பன், ரேஷன் கடையில் எடை போட்டு ஓய்வு பெற்றவர், எதையும் யோசித்துத்தான் பேசுவார். பிள்ளையார் கோயில் முன்னால் கூட்டம் கூட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ஒரு தெருவுல எப்பம்யா அடுப்பு பத்த வைக்கக் கூடாது?”

இது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். தெருவில் ஒரு பிணம் கிடந்தால், அதை எடுக்கிற வரைக்கும் அந்தத் தெருவில் அடுப்பு எரியாது. எத்தனை பசி என்றாலும் அப்படித்தான், பிணம் போன பிறகுதான் உலை வைப்பார்கள்.

“அப்ப எங்கயோ எடுக்காத பிணம் கிடக்கு” என்றார் ஆவுடையப்பன்.

தேட ஆரம்பித்தார்கள். தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கினார்கள், சாக்கடைக் கல்லைப் பெயர்த்தார்கள், பூட்டிப் போனவர்கள் வீட்டுச் சாவியை ஆள் விட்டு வாங்கிவந்து பரண் வரைக்கும் பார்த்தார்கள். ஒரு செத்த அணில் கிடைத்தது. அணில் என்றாலும் உயிர்தானே என்று கொட்டு வைத்து, மாலை போட்டு, மரியாதையாகக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டுவந்து குச்சியை உரசினார்கள். சர்ரென்று சத்தம் மட்டும் வந்தது. அணிலுக்குக் கொட்டடித்தவர் சாயங்காலம் வரை எல்லாரிடமும் திட்டு வாங்கினார்.

பார்வதிக்கனி கெட்டவள் இல்லை. பேத்தியின் அழுகையில் புத்தி கலங்கிக் கிடந்தவள், அவ்வளவுதான். மறுநாள் பம்படியில் குடத்தை வைத்துவிட்டு, பொதுவாகப் பேசுகிற பேச்சில், “எங்கக்கா அந்தக் கும்பாவை ருசிகூடப் பாக்காமத்தான் வைப்பா, அத்தனை சுத்தம்” என்று சொல்லிவிட்டாள். பெருமையாகத்தான் சொன்னாள். பம்பு அடித்துக்கொண்டிருந்த கை நின்றது. அடுத்தவள் முகத்தைப் பார்த்தாள், அவள் இன்னொருத்தியின் முகத்தைப் பார்த்தாள். பார்வதிக்கனிக்கும் அப்போதுதான் புரிந்தது, சொன்னதைத் திரும்ப அள்ள முடியுமா? வெறும் குடத்தோடு வீட்டுக்கு ஓடினாள்.

அன்று சாயங்காலம் ஆவுடையப்பன் வேலுத்தாய் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை, வாசலில் நின்றார், அவருக்குப் பின்னால் தெருவே நின்றது.

“தாயி, ஒண்ணு கேக்கேன், தப்பா எடுத்துக்கிடாத. உசுரோட இருக்குறவனுக்குச் சோறு வைக்குறப்ப உப்பு ஒறைப்பு பாத்துத்தான வைப்போம்? ருசி பாக்காம வைக்கிறது யாருக்கு?”

படையலுக்குத்தான் ருசி பார்க்காமல் வைப்பார்கள். சாமிக்கும் செத்தவர்களுக்கும். வேலுத்தாய்க்கு அது தெரியாமல் இல்லை. தன் கையே தன்னைக் கேட்காமல் இத்தனை காலமும் படையல் போட்டுக்கொண்டிருந்ததா என்று அவள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

“அண்ணாச்சி, அவன் தின்னாம நான் எப்படித் தின்பேன்னுதான் பாக்கல. வேற ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. என் பிள்ளை வருவான்.”

“வரட்டும் தாயி. வந்தா எங்களுக்கும் சந்தோசம்தான். ஆனா எங்களுக்கு வேற வழி தெரியல.”

உடல் கிடைக்காதவர்களுக்கு வைக்கோலில் ஆள் கட்டி, சட்டை போட்டு, பாடை கட்டி எடுத்துப்போய் எரிக்கிற வழக்கம் அந்தப் பக்கத்தில் உண்டு. அதைத்தான் கேட்கிறார்கள். வேலுத்தாய் தலையை மட்டும் ஆட்டினாள், முடியாது என்று. அவர்கள் சண்டை போட்டிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும், அவளும் வாயைத் திறந்து மண்ணை வாரித் தூற்றியிருப்பாள். அவர்களோ கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த நாளிலிருந்து அவளுக்கு முன்னால் தண்ணீர் பிடிக்க வழிவிட்டார்கள், ஆபீஸில் அவள் பங்குக் குச்சியையும் சேர்த்து அடைத்தார்கள், துக்கவீட்டுக்காரியை நடத்துகிற மாதிரி மெதுவாக நடத்தினார்கள். அந்த அன்புக்கு முன்னால் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வாசலுக்கு வந்து சிரிப்பவர்கள் இல்லை. மெஸ் என்று கேலி பேசுபவர்கள் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளையின் அழுகை நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே வந்தது. பெரிதாக அழுதபோதுகூட அவளுக்கு இத்தனை பயமாக இல்லை.

ஒரு மத்தியானம் பேச்சி பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள். வெளியே வரக்கூடாத நாட்கள் அவளுக்கு. முகம் வெளுத்து, உதடு வெடித்துப்போயிருந்தது. உட்காரும்போதே சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“பெரியம்மா, நீ சம்மதிக்காத.”

வேலுத்தாய் சுருட்டிய பாயை எடுத்து அவள் முதுகுக்கு அண்டக் கொடுத்தாள்.

“எங்கம்மை சொன்னதுக்கு நான் மன்னிப்புக் கேக்கேன். நாளைக்குப் பாண்டியண்ணன் வந்து, என்னையவா எரிச்சீங்கன்னு கேட்டா, நான் என்ன பதில் சொல்லுவேன்? இது குடிச்சாக் குடிக்கட்டும், இல்லாட்டிப் போகட்டும். நீ சம்மதிக்காத பெரியம்மா.”

போகட்டும் என்று சொன்ன வாய் கோணிக்கொண்டது. வேலுத்தாய் துணியை விலக்கிப் பார்த்தாள். பிள்ளை தூங்கவில்லை, அழவும் இல்லை, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. சம்மதி என்று தெருவே வந்து நின்றபோது இறுகிக் கிடந்த மனசு, சம்மதிக்காதே என்று இவள் சொன்னதும் விட்டுப்போயிற்று.

“உங்கம்மையைப் போய் அண்ணாச்சிக்கிட்டச் சொல்லச் சொல்லு” என்றாள்.

சட்டை கேட்டார்கள். பெட்டியைத் திறந்து, பாண்டிக்குப் பிடித்த ஊதாச் சட்டையை அடியில் தள்ளிவிட்டு, கை இறுக்கம் என்று அவன் ஒருநாளும் போடாத வெள்ளைச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். அவனுக்குச் சேராத சட்டையைப் போட்டால் அது அவனாக இருக்காது என்று ஒரு சின்னக் கணக்கு. வைக்கோலுக்கு அந்தச் சட்டை அளவெடுத்துத் தைத்தது போலச் சேர்ந்துகொண்டது.

தெரு கூடிற்று. மகள் வீடு போனவர்கள்கூட வந்துவிட்டார்கள். கொட்டு முழங்கியது, பெண்கள் கட்டிப்பிடித்து மாரடித்தார்கள், அழுகை பொய்யில்லை, பாண்டியை எல்லாருக்கும் பிடிக்கும். வேலுத்தாய் மட்டும் அழவில்லை. பாடைக்கு முன்னால் கொள்ளிச்சட்டி வைத்து, அதில் விராட்டியும் சூடமும் போட்டு, பங்காளி முறையில் ஒருவன் குளித்துவிட்டு ஈரத்தோடு நின்றான். ஆவுடையப்பன் அவள் பக்கம் திரும்பினார்.

“எடுக்கலாமா தாயி?”

பெற்றவள் சொல்லாமல் எடுக்க மாட்டார்கள். அவள் சுவரைப் பார்த்தாள், சுவருக்கு அந்தப் பக்கத்தை நினைத்தாள்.

“எடுங்க.”

தீப்பெட்டி நீண்டது. அந்தப் பெட்டியை அவளே அடைத்திருக்கலாம். தெரு மொத்தமும் கையெடுத்துக் கும்பிட்டு, பற்ற வேண்டும் தாயே என்று வேண்டிக்கொண்டது. வேலுத்தாய் மட்டும் பற்றக்கூடாது, பற்றக்கூடாது, என் பிள்ளை உயிரோடு இருந்தால் பற்றக்கூடாது என்று வேண்டினாள். வேண்டும்போதே அந்தப் பிள்ளை வாயைத் திறந்து மூடியது கண்ணுக்குள் வந்து, வேண்டுதலை முடிக்கவிடாமல் செய்தது.

முதல் உரசலிலேயே பற்றிக்கொண்டது.

பெண்கள் பம்போடு நின்றுகொண்டார்கள், அதற்கு மேல் அவர்கள் போவதில்லை. பாடை கண் மறைகிற வரைக்கும் நின்றுவிட்டுத் திரும்பினார்கள். வாசல் கழுவி, தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத்தலையோடு அடுப்படிக்கு ஓடினார்கள். ஒரு வீட்டில் குக்கர் கூவியது, அடுத்த வீட்டில் கூவியது, தெரு முழுக்கக் கூவியது. கடுகு வெடித்தது, பூண்டு வதங்கியது, கருவாடு பொரிந்தது. சந்தோஷத்தை அடக்கத் தெரியாமல் பிள்ளைகள் வீட்டுக்கு வீடு ஓடி ஓடி அடுப்பைப் பார்த்தன, பெரியவர்கள் துக்கவீட்டை நினைத்து அதட்டினார்கள், அதட்டும்போதே அவர்களுக்கும் வாயில் எச்சில் ஊறியது. துக்கவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் ஆளுக்கொரு பாத்திரமாக வேலுத்தாய்க்குக் கொண்டுவந்து வைத்தார்கள். ஆவி பறக்கிற சோறும் ரசமும் அவளைச் சுற்றி வரிசையாக இருந்தன. பார்வதிக்கனி ஒரு வாய் பிசைந்து ஊட்டப் பார்த்தாள். “அப்புறமா தின்னுறேன், நீ போயி பேச்சியப் பாரு” என்று அனுப்பிவைத்தாள்.

எல்லாரும் போன பிறகு வேலுத்தாய் தன் அடுப்படிக்குப் போனாள். தெரு முழுக்கப் பற்றினாலும் தன் அடுப்பு மட்டும் பற்றாது என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. தீப்பெட்டியை எடுத்து உரசினாள். பற்றியது. அடுப்பில் காட்டினாள், வட்டமாக, நீலமாக, ஒரு குறையும் இல்லாமல் எரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திருகி அணைத்தாள்.

வாசல் பார்த்த மாதிரி கும்பா இருந்தது. அன்றும் உச்சிப்பொழுதில் கை பழக்கத்தில் வைத்துவிட்டாள் போல, அவளுக்கே ஞாபகமில்லை. அவல் தயிரை எல்லாம் குடித்துவிட்டு உப்பிக் கிடந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சியின் பிள்ளை பால் குடித்துப் புரையேறி, இருமி, பிறகு வீடு அதிர அழுதது. நல்ல பெரிய அழுகை. வேலுத்தாய் அதைக் கேட்டுக்கொண்டே கும்பாவின் முன்னால் உட்கார்ந்தாள். ஆட்டுக்கு ஊற்ற இன்று மனசு வரவில்லை. இத்தனை நாளில் முதல் தடவையாக விரலை உள்ளே விட்டு ஒரு வாய் எடுத்துத் தின்றாள்.

உப்பு பற்றவில்லை.

இன்னொரு வாய் எடுத்துப் பார்த்தாள். பற்றவேயில்லை. அதே கை, அதே கணக்குதான் தினமும். அவன் இருந்திருந்தால் முதல் வாயிலேயே சொல்லியிருப்பான். இத்தனை காலமும் உப்பில்லாமல்தான் வைத்திருக்கிறாள், உப்பில்லை என்று சொல்ல ஒருத்தரும் இல்லை. வேலுத்தாய் உப்பு ஜாடியை எடுக்க எழுந்தவள், எழ முடியாமல் அங்கேயே உட்கார்ந்து, அன்றுதான் முதல்முதலாக வாய்விட்டு அழுதாள்.